வாயில்லா ஜீவனின் வழக்கை நடத்துவது யார்?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணை, நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் மாநில அரசுகள் ஒப்படைக்கத் தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், சுடுகாட்டுப் பராமரிப்பு என்று எல்லோரும் அறிந்த பணிகளுக்கு நடுவே, 15ஆவது இனத்தில் இரண்டு பணிகள் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளன: கால்நடைப் பட்டிகளைப் பேணுவது ஒன்று, விலங்குகள் வதைக்கப்படுவதைத் தடுப்பது மற்றொன்று. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தத்தின் வழியாக இந்த வரி அரசமைப்புக்குள் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும், கொதிநீர் ஊற்றப்பட்டுத் தோல் உரிந்து கிடக்கும் தெருநாயையோ, காலொடிந்து சாலையோரத்தில் விடப்பட்ட கறவை வற்றிய மாட்டையோ காண்பவர் முதலில் தேடுவது தன்னார்வலர் ஒருவரின் கைப்பேசி எண்ணைத்தான். வார்டு அலுவலகத்தின் எண்ணை அல்ல.

மக்களிடம் இரக்கம் வற்றிவிட்டதோ, சட்டமே இல்லாததோ இதற்குக் காரணம் அல்ல. இரக்கம் ஒரு பக்கமும் அதிகாரம் மறுபக்கமும் தனித்தனியே இயங்குகின்றன. இரண்டையும் பிணைக்கும் எழுத்துபூர்வமான ஏற்பாடு பெரும்பாலான ஊர்களில் இல்லை. தன்னார்வலரின் நல்ல மனத்தையும் ஏதோ ஓர் அதிகாரியின் தனிப்பட்ட ஈடுபாட்டையும் நம்பி நடக்கும் பணி, அந்த அதிகாரி மாறுதலாகிப் போகும் நாளோடு நின்றுவிடுகிறது. ஆகவே, விலங்கு வதைத் தடுப்பு என்பது தனிமனிதர்களின் ஒத்துழைப்பு என்ற நிலையைக் கடந்து, உள்ளாட்சியின் அன்றாட நிர்வாக முறையாக மாற வேண்டும்.

சட்டத்தின் பலமும் பலவீனமும்

1952இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்ற ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே இதற்கென ஒரு சட்டம் இயற்றும் என்று அன்றைய பிரதமர் நேரு உறுதியளித்ததன் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே இயங்கியது. இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடியாக நின்ற மாநிலம் தமிழ்நாடு என்பதற்கு இந்த வரலாறே சான்று.

ஆனால், அன்று எழுதப்பட்ட தண்டனைகள் அன்றைய ரூபாயின் மதிப்போடு உறைந்துபோய்விட்டன. அடித்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தராமல் கட்டிப்போடுதல், நோயுற்ற விலங்கைத் தெருவில் கைவிடுதல் போன்ற செயல்களை வதை என்று வரையறுக்கும் 11ஆவது பிரிவு, முதன்முறைக் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. அதோடு, இச்செயல்களில் பெரும்பாலானவை 'பிடியாணை வேண்டாக் குற்றம்' என்ற வகைக்குள் வருவதில்லை; அதாவது, நீதித்துறை நடுவரின் அனுமதி பெறாமல் காவலர் தாமாகவே விசாரணையைத் தொடங்கவோ கைது செய்யவோ இயலாது. குற்றம் நடந்த மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு தொடரவே முடியாது என்று 36ஆவது பிரிவு காலவரையறையும் விதித்திருக்கிறது. புகார் மனுவுக்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தன்னார்வலர் நடையாய் நடக்கும் காலத்திலேயே அந்த மூன்று மாதங்கள் கரைந்துபோகின்றன.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு இதில் ஒரு முக்கியமான மாற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428, 429 ஆகிய பிரிவுகள், மாடு, குதிரை போன்ற சில விலங்குகள் நீங்கலாக, கொல்லப்பட்ட விலங்கு பத்து ரூபாய் பெறுமா, ஐம்பது ரூபாய் பெறுமா என்று விலை பார்த்தே தண்டனையை நிர்ணயித்தன. புதிய பிரிவு அந்த விலைக் கணக்கைக் கைவிட்டு, எந்த விலங்கைக் கொன்றாலும், நஞ்சு வைத்தாலும், ஊனமாக்கினாலும் ஐந்தாண்டுகள் வரை சிறை என்று கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் விலையற்ற தெருநாயின் உயிரும் இப்போது கணக்கில் வந்துவிட்டது. ஆனால், தண்டனை கூடக்கூட நீதிமன்றம் எதிர்பார்க்கும் சாட்சியத்தின் தரமும் கூடுகிறது. அந்தச் சாட்சியத்தைத் திரட்டும் இடத்தில்தான் இன்றைய ஏற்பாடு தடுமாறுகிறது.

சாட்சியம் அழியும் வேகம்

வதைக்கப்பட்ட விலங்கு தானாக வந்து புகார் கொடுக்காது. காயத்தைக் காட்டி, அடித்தவரை அடையாளம் சொல்லாது. எனவே, விலங்கு வதை வழக்கில் முதல் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே வழக்கின் முடிவைத் தீர்மானிக்கிறது. நஞ்சு வைத்துத் தெருநாய்கள் கொல்லப்படும் நிகழ்வைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். இரவில் நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகள் வீசப்படுகின்றன. விடியும் முன் நாய்கள் வாயில் நுரை தள்ளி இறந்துகிடக்கின்றன. காலை ஆறு மணிக்குத் தெருவைப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர், தமக்கு இடப்பட்ட பணியின்படி உடல்களைக் குப்பை வண்டியில் ஏற்றி, நாய் வாந்தி எடுத்த இடத்தையும் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுச் செல்கிறார். நாள்தோறும் அந்த நாய்களுக்குச் சோறு வைப்பவர் வந்து பார்க்கும்போது தெரு துப்புரவாக இருக்கிறது. அந்தத் துப்புரவில் வழக்கின் சாட்சியம் முழுவதும் போய்விட்டது.

இதில் தூய்மைப் பணியாளர் செய்த தவறு எதுவும் இல்லை. ஓர் உடல் சந்தேகத்துக்குரிய நிலையில் கிடந்தால் அதைத் தொடுவதற்கு முன் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. உடல் கிடந்த நிலையைப் படம் எடுப்பது, எஞ்சிய இறைச்சித் துண்டைத் தனியே எடுத்து வைப்பது, உடலைக் கெடாமல் குளிரில் பாதுகாத்து அரசுக் கால்நடை மருத்துவமனையில் உடற்கூறாய்வு செய்விப்பது, இரைப்பையில் உள்ளவற்றைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு முத்திரையிட்டு அனுப்புவது ஆகிய படிகளில் ஒன்று தவறினாலும் நஞ்சு என்பது ஊர்ப் பேச்சாகவே நின்றுவிடும். நடைமுறையில், உடற்கூறாய்வுக்குக் காவல்துறையின் கடிதம் வேண்டும் என்று மருத்துவர் கூறுவதும், ஆய்வு முடிவு இருந்தால்தான் வழக்குப் பதியலாம் என்று காவல் நிலையம் கூறுவதும், இரண்டுக்கும் இடையே தன்னார்வலர் அழுகும் உடலோடு நிற்பதும் பல ஊர்களில் காணும் காட்சி. தெருவை அறிந்தவர் தன்னார்வலர். தெருவுக்கு முதலில் வருபவர் தூய்மைப் பணியாளர். சான்றளிக்கத் தகுதி உடையவர் கால்நடை மருத்துவர். வழக்குப் பதிய அதிகாரம் உடையவர் காவல் அலுவலர். இந்த நால்வரையும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு நடைமுறை ஆணை இணைத்துவிடும் என்றால், அந்த ஒரு பக்கம் எழுதப்படாமல் இருப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

மீட்ட பின் எங்கே வைப்பது?

சாட்சியத்துக்கு அடுத்த சிக்கல் இடம். விலங்குகளை வண்டியில் ஏற்றிச் செல்வது பற்றிய 1978ஆம் ஆண்டு விதிகள், ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. அந்த எண்ணிக்கையைப் பலமடங்கு தாண்டி, கழுத்தும் காலும் பின்னிக் கிடக்க, நிற்கவும் இடமின்றி அடிமாடுகள் ஏற்றப்பட்ட லாரி ஒன்று நள்ளிரவில் சோதனைச்சாவடியில் நிறுத்தப்பட்டால், அந்த மாடுகளை எங்கே இறக்குவது, யார் தீவனம் போடுவது, யார் தண்ணீர் காட்டுவது என்ற கேள்விகளுக்கு அந்த நேரத்தில் பணியில் இருக்கும் காவலரிடம் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் அபராதம் வசூலித்து லாரியை அனுப்பிவிடுவதே எளிதான வழியாகிறது.

இதற்கும் விதிகள் உள்ளன. மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் அமைத்து, விலங்குகளுக்கான மருத்துவமனையும் காப்பகமும் கட்ட நிலம் தர வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் விதிகள் மாநில அரசுகளைப் பணிக்கின்றன. வழக்கில் கைப்பற்றப்பட்டு, சட்ட மொழியில் 'வழக்குச் சொத்து' என்று குறிப்பிடப்படும் விலங்குகளை வழக்கு முடியும் வரை காப்பகத்திலோ விலங்கு நல அமைப்பிடமோ ஒப்படைக்கலாம் என்றும், அவற்றைப் பேணும் செலவைக் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து பெற வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் விதிகள் வழிவகுக்கின்றன. ஆனால், காப்பகமே இல்லாத ஊரில் காப்பகத்தின் செலவை யாரிடம் பெறுவது என்ற விதியால் பயன் என்ன? விலங்கு நலச் சங்கத்தின் கொட்டகையோ ஒரு தன்னார்வலரின் வீட்டு முற்றமோ நிரம்பி வழியும்போது, சட்டத்தின் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

உள்ளாட்சிகளுக்கு இந்தப் பணி புதிதும் அல்ல. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த கொண்டி மாடுகளை அடைத்துவைக்கும் பட்டிகள் ஊர்தோறும் இருந்தன. சில ஊர்களில் கொண்டித்தொழு என்றும், நகரங்களில் பவுண்டு என்றும் வழங்கிய அந்த இடத்தில், வந்த மாட்டைப் பதிவேட்டில் எழுதி, தீனி போட்டு, அதற்கான செலவையும் அபராதத்தையும் உரிமையாளரிடம் வசூலித்த பிறகே மாடு விடப்பட்டது. அன்று பட்டி காத்தது பயிரை. இன்று அதே பட்டி, அதே பதிவேட்டு முறையோடு, விலங்கையே காக்கும் இடமாக மாற முடியும். பட்டியையும் வதைத் தடுப்பையும் அரசமைப்பின் 15ஆவது இனம் ஒரே வரியில் இணைத்திருப்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

சென்னை தந்த பாடம்

அதிகாரமும் தன்னார்வமும் எதிரெதிரே நின்றதையும், பின்னர் கைகோத்ததையும் சென்னை நகரம் தன் வரலாற்றிலேயே கண்டிருக்கிறது. கேப்டன் வி.சுந்தரத்தின் முயற்சியால் 1959இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் மாநகராட்சியின் முறையை எதிர்த்ததோடு நில்லாமல், 1964 முதல் கருத்தடை அறுவைச் சிகிச்சை என்ற மாற்று வழியைத் தானே செய்துகாட்டியது. கொல்வதால் நாய்களின் எண்ணிக்கை நிலையாகக் குறையாது என்பதே அதன் வாதம். தெருவில் குப்பையும் எச்சில் இலையும் இருக்கும் வரை, ஒரு நாய் அகன்ற இடத்துக்கு இன்னொரு நாய் வரும். எஞ்சியவை குட்டி போட்டு அந்த இடைவெளியை நிரப்பும். சென்னை மாநகராட்சி இந்த வாதத்தை ஏற்று நகரம் முழுவதும் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது 1996இல். இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். 2001இல் நாடு முழுமைக்குமான நாய்கள் கருத்தடை விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் உள்ளாட்சியையும் விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளையும் ஒரே பொறுப்பில் கட்டிவைத்துள்ளன.

இந்தத் திட்டம் தெருவில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால், தன்னார்வலர் ஏன் இன்றியமையாதவர் என்பது புலப்படும். வலையோடு வண்டி வந்து நிற்பதைக் கண்டதும் தெருவில் உள்ள நாய்களில் பாதி மறைந்துவிடுகின்றன. மிஞ்சுபவற்றைத் துரத்திப் பிடிக்கும்போது நாயும் காயம்படுகிறது, பிடிப்பவரும் கடிபடுகிறார். நாள்தோறும் சோறு வைப்பவர் பெயர் சொல்லி அழைத்தால் அதே நாய் தானே வந்து மடியில் தலை வைக்கிறது. எந்த நாய் எந்தத் தெருமுனைக்கு உரியது, எது குட்டி போட்டிருக்கிறது, எதன் காதோரத்தில் கருத்தடை முடிந்ததற்கு அடையாளமான சிறு வெட்டு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள்கள் வைத்துப் பேணி, பிடித்த தெருவிலேயே திரும்ப விடப்பட்டதா என்று உறுதிசெய்யக்கூடியவரும் அவர்தான். ஆயினும், 2024இல் நடந்த கணக்கெடுப்பில் சென்னைத் தெருநாய்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.8 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. இந்த அளவை எந்தத் தன்னார்வ அமைப்பும் தனித்துத் தாங்க முடியாது. அறுவை அரங்கு, மருத்துவர், வாகனம், தடுப்பூசி, நிதி ஆகியவற்றை நிர்வாகம்தான் தர முடியும்.

இரு தரப்பும் முறையாக இணைந்தால் மனித உயிரும் காக்கப்படும் என்பதற்குக் கோவா சான்று. மாநில அரசும் மிஷன் ரேபிஸ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் நாய்களுக்குப் பெருமளவில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பள்ளிகளில் விழிப்புணர்வு ஊட்டி, சந்தேகத்துக்குரிய நாய்களைக் கண்டறியும் குழுக்களையும் அமைத்தன. 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாகக் கோவா அறிவிக்கப்பட்டது.

இரு நாடுகளின் இரு வழிகள்

வதைத் தடுப்பில் அதிகாரத்தை யார் கையில் வைப்பது என்ற கேள்விக்குப் பிற நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. ஹென்றி பெர்க் 1866இல் நிறுவிய அமெரிக்கப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் முகவர்களே நியூயார்க் நகரில் நீண்ட காலம் சட்டத்தை நடைமுறைப்படுத்தி வந்தனர். 2014 தொடக்கம் முதல் நகரம் முழுவதும் அந்தப் பணியைக் காவல்துறை ஏற்றுக்கொண்டது. மீட்கப்பட்ட விலங்குக்குச் சிகிச்சை அளிப்பதும், காயம் எப்படி ஏற்பட்டது என்று நீதிமன்றத்துக்கு ஏற்ற வகையில் மருத்துவச் சான்று தருவதும் சங்கத்தின் பங்காயின. நெதர்லாந்தோ, விலங்கு நல அமைப்பின் ஆய்வாளர்களுக்கே விசாரணை அதிகாரம் அளித்து, 2011 முதல் விலங்குகளுக்கெனத் தனியாக 144 என்ற அவசர அழைப்பு எண்ணையும் வைத்திருக்கிறது. வழிகள் வேறானாலும் இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: யார் எதைச் செய்வது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

எதிர்வாதத்தின் நியாயம்

இந்த விவாதத்தில் நாய்க்கடிக்கு ஆளானவர்களின் குரலைத் தட்டிக்கழிக்க முடியாது. வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. கடிபடுபவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் ஏழைகளும் மிகுதி. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, வெறிநோய் கண்ட அல்லது மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடவும், வார்டுதோறும் உணவிடும் இடங்களை ஒதுக்கவும் கூறியது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடாதிருக்கவும் ஆணையிட்டது. இந்த ஆணைகளில் எதை நிறைவேற்றுவதற்கும் உள்ளூர் நிர்வாகமும் உணவிடுவோரும் குடியிருப்போரும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும். கடிபட்டவரின் அச்சமும் நாயின் வலியும் ஒரே நிர்வாகக் குறைபாட்டின் இரு முகங்கள். கருத்தடையும் தடுப்பூசியும் முறையாக நடக்கும் தெருவில் இரண்டுமே குறையும்.

அதேபோல், தன்னார்வத்துக்கும் எல்லை வேண்டும். நெடுஞ்சாலைகளில் கும்பலாக வண்டியை மறித்து ஓட்டுநரை அடிப்பதும், மாட்டு வணிகரின் உயிரையே பறிப்பதும் நாட்டின் பல பகுதிகளில் விலங்கு காப்பு என்ற பெயரில் நடந்திருக்கின்றன. அது கருணை அன்று, குற்றம். அதிகாரம் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தைக் கும்பல் நிரப்புகிறது என்பதால், முறையான கூட்டுப்பணி வதையை மட்டுமன்றி இத்தகைய வன்முறையையும் தடுக்கும் அரணாகிறது. தன்னார்வலரின் பணி பார்ப்பது, தெரிவிப்பது, பேணுவது ஆகியவற்றோடு முடிய வேண்டும். நிறுத்துவதும் கைப்பற்றுவதும் சட்டம் அதிகாரமளித்த அலுவலரின் கையிலேயே இருக்க வேண்டும்.

வார்டுதோறும் ஓர் உடன்படிக்கை

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. ஒவ்வொரு வார்டிலும் விலங்கு நலத் தன்னார்வலர்களைப் பதிவு செய்து அடையாள அட்டை வழங்குவதும், அவர்களது புகாரைப் பெறும் அலுவலர் ஒருவரைப் பெயர் சுட்டி நியமிப்பதும் முதற்படி. சந்தேகத்துக்குரிய விலங்கு இறப்பில் தூய்மைப் பணியாளரும் கால்நடை மருத்துவரும் காவல் நிலையமும் பின்பற்ற வேண்டிய நடைமுறையை ஒரு பக்கத்தில் எழுதி மூன்று இடங்களிலும் ஒட்டிவைப்பது இரண்டாவது. பயனற்றுக் கிடக்கும் பட்டிகளைச் சீரமைத்து, கைப்பற்றப்பட்ட விலங்குகளுக்கான காப்பகங்களாக்கி, அன்றாடப் பராமரிப்பை அங்கீகாரம் பெற்ற அமைப்புகளிடம் ஒப்பந்த அடிப்படையில் விடுவது மூன்றாவது. மாவட்ட வதைத் தடுப்புச் சங்கத்தின் கூட்டத்தைக் குறித்த நாளில் நடத்தி, வந்த புகார்கள் எத்தனை, பதிந்த வழக்குகள் எத்தனை, மூன்று மாதக் கெடு கடந்து வீணானவை எத்தனை என்ற கணக்கைப் பொதுவில் வைப்பது நான்காவது. இவை அனைத்துக்கும் மாமன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தனித்தலைப்பில் நிதி ஒதுக்கப்பட வேண்டும். நன்கொடை உண்டியலை நம்பி ஓர் அரசமைப்புப் பணியை நடத்த முடியாது.

கிராமங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் கால்நடை வளர்ப்பு உண்டு. வதைத் தடுப்பு இல்லை. கால்நடைகள் மிகுந்த இடத்தில் அவற்றைக் காக்கும் கடமை எழுதப்படாதது பெரும் குறை. மாநில அரசு தன் ஊராட்சிச் சட்டத்தின் வழியாகவே இதை ஈடுசெய்யலாம்.

அந்தக் காலப் பட்டியில் மாடு வந்த நாள், அதன் நிறம், போட்ட தீனி, ஆன செலவு என்று எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது; அது எப்படிக் காயம்பட்டது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதை நிரப்பத் தெருவை அறிந்த தன்னார்வலரையும், கீழே கையொப்பமிட ஓர் அலுவலரையும் நிறுத்துவதே இன்று உள்ளாட்சிகளிடம் கேட்கப்படுவது. வாயில்லா ஜீவன் சொல்ல முடியாத புகார், அந்தக் கையொப்பம் விழும் நாளில்தான் வழக்காகும்.